அமரர் சிவபாதம் — மீட்கப்பட்டது

இரவு பதினொன்று நாற்பதுக்கு
‘பதிலளிக்கவில்லை’ என்றது திரை.
நான் நம்பவில்லை.
மௌஸை ஆட்டினேன், மேசையைத் தட்டினேன்,
கோணேசர் இருக்கும் பக்கம் திரும்பி ஒரு கும்பிடும் போட்டேன்,
அதாவது ஃபோட்டோகொப்பி மெஷின் இருக்கும் பக்கம்.
ஜன்னல் வெளுத்தது. பிறகு இல்லை.

முப்பத்தோராம் நாள் கல்வெட்டு. பதினாறு பக்கம்.
காலை ஆறுக்கு அச்சுக்குப் போக வேண்டும்.
கடைசியாக எப்போது சேமித்தேன்?
நினைக்க நினைக்க
அந்த நேரம் பின்னுக்குப் போனது,
ஏழு மணி, இல்லை, தேத்தண்ணிக்கு முன்,
இல்லை, புவனலோஜினி அக்கா வருவதற்கும் முன்.

இம்தியாஸ் நானா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எப்போதோ போய்விட்டார்.
பாதி ஷட்டருக்குக் கீழே
என்.சி. வீதியில் மான்களின் கால்கள் மட்டும் போயின,
கோட்டையிலிருந்து இறங்கி
வாழைப்பழத் தோல் தேடும் கால்கள்,
உடம்பில்லாமல்.

திரும்பத் திறந்தேன்.
கொஞ்ச நேரம் யோசித்தது.
பிறகு மேலே, கோப்பின் பெயருக்குப் பக்கத்தில்,
தானாகவே எழுதிக்கொண்டது:
அமரர் சிவபாதம் — மீட்கப்பட்டது.

சிரித்துவிட்டேன்.
தனியாக, சத்தமாக.
பிறகு கதவைப் பார்த்தேன்.

எழுத்துருவைக் காணோம் என்றது அடுத்து.
பாமினி இல்லாமல் திறந்த பக்கங்களில்
ஒரு மனிதரின் எழுபத்தொரு வருடம்
அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்
ஆங்கில எழுத்தின் இரைச்சலுமாய்க் கிடந்தது.
எழுத்துருவைத் தேடிப் போட்டேன்.
மூதூர்த் தோணித்துறையில் டிக்கட் கிழித்த சிவபாதம்
ஒவ்வொரு பக்கமாகத் தமிழுக்குத் திரும்பினார்.

கணக்குப் பார்த்தேன்.
தேவாரம் இருக்கிறது. வம்சவரிசை பாதி.
பேரப்பிள்ளைகளின் கவிதை போய்விட்டது,
(அது போனதில் எனக்குப் பெரிய கவலையில்லை,
ஆனாலும் திரும்ப அடித்தேன், எழுத்துப் பிழைகளோடு.)
தோற்றம்: இருக்கிறது, நாள், மாதம், நட்சத்திரம்.
மறைவு: ஒரு முற்றுப்புள்ளி இரட்டை,
அதற்குப் பிறகு வெறும் இடம்.
அந்த இடத்தில் கர்சர்
விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.
தேதியை அடிக்காமல்
தேத்தண்ணி போடப் போனேன்.

திரும்பி வந்து அட்டைப் படத்தைத் திறந்தபோதுதான்
பார்த்தேன், தோளில் அந்தக் கை.

கலியாணவீட்டுக் கூட்டப் படத்திலிருந்து
அவரை மட்டும் வெட்டி எடுத்திருந்தோம்.
யாரோ ஒருவரின் இடது கை
அவர் தோளில் தங்கிவிட்டது,
சில்வர் மணிக்கூடு, நகத்தில் மருதாணி இல்லை, ஆணின் கை.
‘அதை எடுத்துவிடுங்கோ’ என்றா அக்கா.
‘யாருடையது?’ என்று நான் கேட்கவில்லை.
பிள்ளைகள் வரிசையில் இரண்டாவது பெயரையும்
அதே குரலில்தான் எடுக்கச் சொன்னா.

மாலை நாற்பது நிமிடம் மினக்கெட்டு
கோட்டுச் சட்டையின் கோடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி
அழித்த கை.
இப்போது அதே இடத்தில், அதே பாரத்தோடு.
பெயரும் வந்திருந்தது:
கிருபைராசா.

எனக்கு இதில் என்ன?
நான் சம்பளத்துக்கு இருப்பவள்.
திரும்ப அழித்தேன்.
இரண்டாம் முறை ஒன்பது நிமிடம்தான் ஆனது;
கை எந்தக் கோட்டில் முடிகிறது என்று
விரல்களுக்குத் தெரிந்திருந்தது.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாலரைக்கு வேறு பெயரில் சேமித்தேன்,
‘இறுதி’, ‘இறுதி உண்மை’, ‘இறுதி உண்மை 2’.
மீட்கப்பட்டதை
அழிக்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்.

ஆறேகாலுக்கு அக்கா வந்தா.
முதல் பிரதி இன்னும் சூடு.
மறைவுத் தேதியைப் பார்த்தா, சரி என்றா.
பிறகு அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்து
தோளின் மேல் பெருவிரலை வைத்துத் தேய்த்தா,
மை ஒட்டுகிறதா என்று பார்ப்பதுபோல.
மை ஒட்டவில்லை.

காசை எண்ணித் தந்தா.
வாசலில் செருப்பைப் போட்டவா, ஒன்றை மட்டும் போட்டபடி நின்று,
‘மற்றது கிடக்கோ?’ என்றா.

‘கிடக்கு.’

பையைக் கிளறி
மூடியில்லாத ஒரு பென்ட்ரைவை நீட்டினா.
‘அதுக்கு எவ்வளவு?’