காப்பிக்கொட்டை

லென்சுக்குப் பூஞ்சை பிடிக்கும் ஊர் குன்னூர்.
மைக்ராஸ்கோப் பெட்டிக்குள் இரவெல்லாம்
ஒரு நாற்பது வாட் பல்பு எரியும்,
உள்ளே முட்டை அடைவைத்ததுபோல.

காலையில் அணைத்துவிட்டுச் சீட்டைப் படிக்கிறேன்:
செவனம்மா, ஐம்பத்துநான்கு, கொளப்பள்ளி.
நின்று ஐந்து வருடமான ரத்தம்
திரும்ப வந்திருக்கிறது.
இடது சினைப்பை, முந்நூற்றுப் பத்து கிராம்.
வெட்டினால் மஞ்சள். நடுவே பழைய ரத்தக் குட்டைகள்.

முதலில் எது இல்லை என்று பார்ப்பது என் வழக்கம்.
அடுக்கடுக்காய்ச் சுண்ணாம்பு மணல் இல்லை.
சளி சுமந்த உயரச் செல்கள் இல்லை.
உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிய மோதிரங்கள் இல்லை;
இருந்தால் இரைப்பையைத் தேடச் சொல்லியிருப்பேன்.
முடி இல்லை, பல் இல்லை.

பெரிய லென்சைத் திருப்பினேன்.
வெளிறிய உட்கரு, நெடுக ஒரு பள்ளம்.
இன்னொன்று. பிறகு
பார்க்கும் இடமெல்லாம்.
காப்பிக்கொட்டை என்கிறது பாடப்புத்தகம்.
சீட்டில் தொழில்: காப்பிக்கொட்டை பொறுக்குதல்.
இப்படிப் பொருத்தம் கூடிவரும்போதுதான்
நாற்காலியைத் தள்ளி எழுந்துவிடுவேன்.
பள்ளம் பிரென்னர் கட்டிக்கும் உண்டு.
நாரடர்ந்த தரையில் தீவுதீவாய் நின்று
இதே கொட்டையைக் காட்டும்.

மறுநாள் பெள்ளி
வெள்ளிச் சாயம் ஏற்றிய கண்ணாடியோடு வந்தார்.
கறுப்பு இழைகள்
கூட்டத்தைச் சுற்றி வேலி போட்டிருந்தன,
ஆளுக்கொரு வேலி இல்லை.
கூட்டத்துக்குள் சின்ன வட்டங்கள்,
நடுவில் ஒரு சொட்டு இளஞ்சிவப்பு.
முட்டையைச் சூழ்ந்து காக்கப் பிறந்தவை
முட்டையே இல்லாமல்
வட்டம் கட்டி உட்கார்ந்திருந்தன.

மெழுகுக் கட்டி இரண்டரை மணி பஸ்ஸில்
பர்லியாறு இறங்கிக் கோவைக்குப் போனது.
நாலாம் நாள் போன்: இன்ஹிபின் பாசிட்டிவ்.
கிரானுலோசா செல் கட்டி என்று எழுதினேன்.
அவசரம் தெரியாதது.
பத்து வருடம் பேச்சில்லாமல் இருந்துவிட்டு வரும்,
இருபதிலும் வரும்.

அறிக்கை வாங்க அவரே வந்தார்,
தைலம் தேய்த்த முழங்கால் வாசனையோடு.
கடைசி வரியைத் தமிழில் சொன்னேன்:
இருபது வருடத்துக்கு விடாமல் பரிசோதனை.
விரல் மடக்கி எண்ணினார்.
“எழுபத்துநாலு.
அம்புட்டு நாளைக்கு இருப்பேன்னா எழுதியிருக்கு?”

நான் எழுதியது அது இல்லை.
வாயைத் திறந்தேன்,
மூடிக்கொண்டேன்.
அதற்குள் அவர் காகிதத்தை
ரேஷன் அட்டை உறைக்குள் செருகிவிட்டு
கூடலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று
பெள்ளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.