நாலாவது வரிசை

ஏழரைக்கே வான் புறப்பட்டது.
பின் இருக்கையில் கோப்புகளும் நானும்.
பொரளையில் தூறல். ராஜகிரிய மேம்பாலத்தில்
அசையாத வாகன வரிசை.
முன்னாலிருந்து பிரதம கணக்காளர் ஹெட்டிகொட
மூன்றாம் தடவை கேட்டார்:
"நீலக் கோப்பு இருக்குத்தானே, மிஸ்?"
இருக்கிறது, சேர்.
மடியில்,
சோற்றுப் பார்சலுக்குக் கீழே.

பொல்துவையில் போனைக் கொடுத்துவிட்டு
கைப்பையைத் திறந்து காட்டினேன்.
சீப்பு, பனடோல், பஸ் மிச்சக்காசு.
தியவன்னா வாவியில் ஒரு நீர்க்காகம்
சிறகிரண்டையும் விரித்து நின்றது,
அதையும் யாரோ சோதிப்பதுபோல.

குழு அறையில்
முதல் வரிசையில் செயலாளர்.
அவருக்குப் பின்னால் பணிப்பாளர் நாயகம்.
அவருக்குப் பின்னால் ஹெட்டிகொட.
நாலாவதில், சுவரோடு ஒட்டி, நான்.
மைக் உள்ளவர்களுக்குப் பதில் தெரியாது.
பதில் தெரிந்தவர்களுக்கு மைக் இல்லை.
அப்படித்தான் நாற்காலி போடுகிறார்கள்.

பந்தி மூன்று தசம் இரண்டு.
நெல் மூட்டை நிறுக்க வாங்கிய தராசுகள்
இருபத்திரண்டு.
பாவனையில் ஆறு.
"மிச்சம் பதினாறும் எங்கே?" என்றார் தவிசாளர்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே.

செயலாளர் திரும்பினார்.
பணிப்பாளர் நாயகம் திரும்பினார்.
ஹெட்டிகொட திரும்பினார்.
எனக்குப் பின்னால் சுவர்.

எங்கேயென்று எனக்குத் தெரியும்.
ஒறுகொடவத்தைக் களஞ்சியத்தின் கடைசி மூலையில்
போன மார்ச் மாதம்
நவ்பர் டோர்ச் பிடிக்க நான்தான் எண்ணினேன்.
ஆணி கழற்றாத பெட்டிகள்.
இரண்டுக்கு இடையில் பூனை குட்டி போட்டிருந்தது.
துண்டுத் தாளில் எழுதினேன்:
"பதினாறும் ஒறுகொடவத்தை. திறக்கவில்லை.
தராசு ஐம்பது கிலோவுக்கு மேல் நிறுக்காது.
மூட்டை அறுபத்தைந்து."

தாள் முன்னே போனது.
ஹெட்டிகொட கடைசி வரியை மடித்துக் கிழித்தார்.
பணிப்பாளர் நாயகம்
ஐம்பது கிலோவை வெட்டினார்.
"திறக்கவில்லை" என்பதன் மேல்
"பொருத்தப்படவுள்ளன" என்று எழுதினார்.
செயலாளர் வாசித்தார்:
"கௌரவ தவிசாளர் அவர்களே,
எஞ்சிய தராசுகள் பாதுகாப்பாகக் களஞ்சியப்படுத்தப்பட்டு
பொருத்தும் நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது."
என்ன அழகான வசனம்.
அதற்குள் ஒரு பூனைகூட நுழைய முடியாது.

அடுத்த பந்திக்குத் தாள்கள் புரளத் தொடங்கின.
அப்போதுதான் அந்த ஓரத்து அங்கத்தவர்,
வயற்காரி கையோடு ஒரு பெண்,
தமிழில் கேட்டார்:
"செயலாளர், ஒரு நெல் மூட்டை எவ்வளவு பாரம்?"
கேள்வி மொழிபெயர்ப்பாகி
அவர்கள் காதுக்குப் போகச் சில விநாடி.
அதற்குள் என் வாய்
என்னைக் கேளாமல் சொன்னது:
"அறுபத்தைஞ்சு."

குளிரூட்டியின் இரைச்சல் மட்டும்.
சுருக்கெழுத்தாளர் பேனாவை நிறுத்தி
சுவரைப் பார்த்தார்.
"யாரது? மைக்கைக் கொடுங்கள்."
கொடுத்தார்கள்.
வயர் மூன்றாவது வரிசை வரைதான் எட்டியது.
நான் குனிந்து, ஹெட்டிகொடவின் தோளுக்கு மேலால்,
அவர் பூசியிருந்த யூடிக்கொலோன் மணக்க,
மூட்டையையும் தராசையும் சொன்னேன்.
மொத்தம் இரண்டு எண்கள்.

திரும்பும்போது வானில் ஒருவரும் பேசவில்லை.
பொரளை தாண்டியபின் ஹெட்டிகொட சொன்னார்:
"சோறு ஆறிப்போகும், சாப்பிடுங்க."
கோபமா, வேறெதுவுமா,
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அறிக்கை மும்மொழியிலும் வந்தது.
பக்கம் நாற்பத்தொன்றில் "ஓர் உத்தியோகத்தர்".
பொறுப்பானவர்களை இனங்காணுமாறு பணிப்புரை.
இனங்காணக் குழு.
அந்தக் குழுவுக்கும்
கோப்புக் கட்டிக் கொடுத்தது நான்தான்.

இந்த மார்ச்சும் எண்ணப் போனேன்.
பதினாறு.
குட்டிகள் வளர்ந்து எலி பிடிக்கின்றன.
ஒரு பெட்டியை நவ்பர் திறந்து வைத்திருந்தான்.
"ஏறிப் பாருங்க, மிஸ். வேலை செய்யுது."
செருப்போடு ஏறினேன்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் ஓடி,
தடுமாறி, அணைந்து,
குறுக்கே ஒரு கோடு காட்டின.

நவ்பர் என் கையைப் பார்த்தான்.
"அந்தக் கோப்ப இறக்கி வைங்க, மிஸ்."