உம்

சமாதானபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
டியூஷன் சென்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பதினாறு பேர் படையெடுக்கும் பூமி.
விரித்த லுங்கித் துணிமேல்
பூதங்கள், விஷக் கிணறுகள், வட்டிக்கு விடும் நரிகள்,
பிளாஸ்டிக் உறைக்குள் வியர்க்காமல்.
நாங்கள்தான் வியர்க்கிறோம். ஃபேன் ஒன்றுதான் சுற்றுகிறது.

நான் நடுவர்.
அறுபத்திரண்டு பக்க விதிப்புத்தகம், ஸ்பைரல் போட்டது.
மற்ற ஆறு நாளும் சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில்
டைம் கீப்பர்.

நாலாவது மேஜையில் கை உயர்ந்தது.
மேலப்பாளையம் அஃப்ரா. எதிரே செல்வின்.
அவளுடைய கல்பூதம் கிளம்பி நிற்கிறது.
சீட்டின் அடியில், எறும்பு எழுத்தில்:
"எதிரியின் காவலர் இருவரும் விழவில்லை என்றால்
இப்பூதம் தாக்காது."

ஒருவன் விழுந்துவிட்டான்.
ஒருவன் நிற்கிறான்.

"ஒருத்தன் நிக்காம்லா அண்ணே,
ரெண்டு பேரும் விழல. பொறவு எப்படித் தாக்கும்?"
"ரெண்டு பேரும் விழலன்னா
ரெண்டு பேரும் நிக்கணும்" என்றாள் அவள்.
"ஒருத்தன் மண்ணைக் கவ்விக் கிடக்கான், பாருங்க."

புத்தகத்தைப் புரட்டினேன்.
ஒரே நொடியில் இருவர் செத்தால் யார் முதலில் செத்தது
என்பதற்கு நான்கு பக்கம்.
செத்தவன் சாபம் செல்லுமா? செல்லும்.
கல்லானவன் கண் இமைக்கலாமா? தன் முறையில் மட்டும்.
உம்முக்கு ஒரு வரி இல்லை.

கடிகாரத்தில் பதினோரு நிமிஷம்.

ஆட்டத்தை உருவாக்கியவர் சங்கரன்கோவிலில் இருக்கிறார்,
கோமதிநாயகம். போன் போட்டேன்.
பின்னால் கிரைண்டர் சத்தம்.
"ஒருத்தனுமே விழாமலா, ரெண்டு பேரும் சேர்ந்து விழாமலா?
எதை நினைச்சு சார் எழுதுனீங்க?"
கிரைண்டர் நின்றது.
"உண்மையைச் சொன்னா தம்பி,
நான் ரெண்டையும் நினைக்கல."
வைத்துவிட்டார்.

எனக்கும் இந்த வாக்கியத்துக்கும் பழைய பகை.
ஆறு வருஷம் முன்னால், ஐப்பசி மழை ராத்திரியில்
பதிவேட்டில் எழுதினேன்:
"பாபநாசம் வண்டிகள் இரண்டும் வரவில்லை."
ஒன்று வந்திருந்தது,
முக்கால் மணி நேரம் பிந்தி, ஒற்றை விளக்கோடு.
இரண்டும் வரவில்லை, ஒன்றுதான் வந்தது
என்கிற அர்த்தத்தில்தான் எழுதினேன். சத்தியமாக.
விளக்கம் கேட்டார்கள். மூன்று பக்கம் கொடுத்தேன்.
மேலாளர் பச்சை மையில் ஒரே வரி:
"வந்த வண்டியை வரவில்லை என்று எழுதியுள்ளார்."
ஓர் இன்கிரிமென்ட், ஓர் உம்மில் போயிற்று.

இன்று பேனா என் கையில்.
செல்வின் சொல்வது சரி என்று சொல்லிவிட்டால் போதும்,
ஆறு வருஷத்துக்கு அப்புறம் என் வழக்கு ஜெயித்துவிடும்.
பதினாறு பேர் முன்னால் என்றாலும்
ஜெயிப்பு ஜெயிப்புதானே.
வாயைத் திறந்தும்விட்டேன்.

மேஜையில் அந்தக் காவலன் கவிழ்ந்து கிடந்தான்,
உறையின் ஓரம் பிய்ந்து,
முதுகில் யாருடையதோ மிக்சர் எண்ணெய்.
விழுந்தவனை
விழவில்லை என்று எப்படி எழுத?

"பூதம் தாக்கலாம்" என்றேன்.
என் குரலில் அந்த மேலாளர் இருமியதுபோல் இருந்தது.

செல்வின் ஒன்றும் சொல்லவில்லை.
நின்றுகொண்டிருந்த காவலனையும் எடுத்துக்
கட்டுக்குள் செருகினான். கலைத்தான்.
இரண்டாம் முறையும் கலைத்தான்.
"அடுத்த ரவுண்டுல எனக்கும் இப்படித்தானே?"
"உனக்கும்."
"எல்லாருக்கும்?"
"எல்லாருக்கும்."

கரும்பலகையில் யாரோ விட்டுப்போன திரிகோணமிதியை
பாதி அழித்து எழுதினேன்:
காவலரில் ஒருவர் விழுந்தாலே பூதம் கிளம்பலாம்.
எங்கும் உம் இல்லை. இரண்டு முறை பார்த்தேன்.
சாக்பீஸ் தூசியைத் தட்டித் திரும்புவதற்குள்
ஏழாவது மேஜையில் கை:

"விழுந்தவன் எந்திச்சிட்டா, அண்ணே?"