கீழ்ப்படி

பாகான் செராயில்
நலத்துறை முகப்பு இரண்டாம் மாடியில்.
லிஃப்ட் கதவில் 'ரோசாக்' என்று ஒரு தாள்;
ஒட்டி எட்டு மாதம், ஓரம் சுருண்டுவிட்டது.

நாற்பத்தொரு படி.
எண்ணியது என் முட்டி.
நிரை நிரையாய் மரம் சீவிய முட்டி,
கணக்குத் தப்பாது.

மூன்று மனு போட்டோம்,
பக்கிரிசாமி கையெழுத்தில், நல்ல மலாயில்.
"கவனத்தில் கொள்ளப்பட்டது."

அந்தத் திங்கள்
எண்சீட்டைக் கிழித்துக்கொண்டு எல்லாரும்
கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.
மேலே ஒலிபெருக்கி
1014, 1015 என்று
காலி நாற்காலிகளைக் கூப்பிட்டது.

1022-க்கு
ஹஸ்லிண்டா இறங்கி வந்தாள்,
முத்திரையும் மைப்பெட்டியும்,
மூச்சு இரைக்க.
எத்தனை படி தெரியுமா என்றாள்.
"எம்பாட் பூலோ சாத்து" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

இப்போது கீழே ஒரு மேசை.
உட்கார ஒன்றுமில்லை.

பக்கிரிசாமி பேனா மூடியைக்
கழற்றிவிட்டார்.