இடது: காணவில்லை

எம்.சி. ரோடு, புடவைக் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
லிஃப்ட் வேலை செய்யாது.
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படியேறி வருகிறார்கள்.
நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.
திரைக்கு அப்பால் டாக்டர் நூர்ஜஹான் சொல்லச் சொல்ல
ஒன்பது வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பாதி ஏற்கெனவே அடித்தே இருக்கும், இங்கிலீஷில்.
போத் கிட்னீஸ் நார்மல்.
பெயரையும் வயதையும் மாற்றினால் போதும்.
கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, கல்மண்டபம்,
எல்லார் முதுகுக்குள்ளும்
என் ஒரே வாக்கியம்.

புது மெஷின் இறக்கிய அன்று
யாராவது படுங்களேன் என்றான் கம்பெனிப் பையன்.
டீ கொண்டுவந்த சாதிக் வெட்கப்பட்டான்.
நான் படுத்தேன்.
ஐஸ்பெட்டி மீனாகக் குளிர்ந்தது ஜெல்.

வலப்பக்கம், "பெருசா இருக்கே" என்றார் டாக்டர்.
இடப்பக்கம் வைத்தார்.
எடுத்தார். வைத்தார்.
ஒருக்களிச்சுப் படு. மூச்சை இழு. பிடி.
"மெஷின்ல ஏதாவது?"
பையன் தன் விலாவில் வைத்துக் காட்டினான்.
அவனுக்கு இரண்டும் இருந்தன.

இடுப்புக்குழி வரை தேடினார்,
சிலருக்கு ஏறாமல் கீழேயே தங்கிவிடும் என்று.
கர்ப்பப்பையையும் பார்த்தார்,
இது இல்லாதவர்களுக்கு அதிலும் கோளாறு இருக்கலாமாம்.
அது சரியாக இருந்தது.

ஜெல்லைத் துடைத்துவிட்டு
என் ரிப்போர்ட்டை நானே அடிக்க உட்கார்ந்தேன்.
பிலோமினா, 31, பெண்.
'போத்' இங்கிலீஷில் நாலு எழுத்து.
பேக்ஸ்பேஸ், நாலு தரம்.

அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.
காணவில்லை என்று சொன்னால்
ராயபுரம் ஸ்டேஷன் சுவர் ஞாபகம் வருகிறது:
மாநிறம், கட்டம் போட்ட சட்டை,
கடைசியாகப் பார்த்த இடம்.
இதைக் கடைசியாகவும் யாரும் பார்த்ததில்லை.
இருந்தால்தானே காணாமல் போக.
இது வரவே இல்லை.

கருவில் ஐந்தாவது வாரம்
கீழிருந்து ஒரு மொட்டு நீண்டுபோய்
அங்கே காத்திருக்கும் சதையைத் தொட வேண்டுமாம்.
தொட்டால் சிறுநீரகம்.
வலப்பக்கம் தொட்டது.
இடப்பக்கம் ஏன் தொடவில்லை என்பதற்கு
டாக்டரிடம் பதில் இல்லை.

அம்மாவிடம் நூறு பதில் இருந்தது.
காசிமேட்டு ஐஸ் பேக்டரியில்
ஈரத்தில் நின்று இறால் உரித்தது.
தலைவலி மாத்திரை.
கிரகணத்தன்று கத்தி பிடித்தது.
சித்தப்பா மண்ணை வாரித் தூற்றியது.
"சும்மாவே ஆகுமாம்மா" என்றேன்.
"சும்மா எதுவும் ஆவாது" என்று
ராத்திரி முழுக்க விரல்விட்டு மாதம் எண்ணினாள்.

இருக்கிற ஒன்று பதின்மூன்று சென்டிமீட்டர்.
மற்றவர்களுக்குப் பத்து, பத்தரை.
ரெண்டு ஆள் வேலையைச் செய்து செய்து பெருத்தது.
இதற்கு அம்மாவை உவமை சொல்லலாம்.
சொல்லமாட்டேன்.
அவள் பெருக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரிலிருந்து வருகிறார்கள்,
பையன் லோகோ ஒர்க்ஸ்.
"சொல்லாத. பழைய வரியவே போட்டு
ஒரு பேப்பர் எடுத்து வெச்சிக்க."
ரெண்டு நிமிட வேலைதான்.
என் விரலுக்கு மனப்பாடம்.

வந்தார்கள். பஜ்ஜி ஆறியது.
நான் மூன்றாவது டம்ளர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து
வெயிலா என்றார் அவன் அம்மா.
இல்லை, என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன்.
அவர் தட்டைக் கீழே வைத்தார்.
அவன் மட்டும், "எந்தப் பக்கம்?" என்றான்.
"இடது."
ஏதோ வழி கேட்டவன் மாதிரித் தலையாட்டினான்.
சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.
இன்னும் அனுப்பவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பிரஷர், மூத்திர டெஸ்ட்.
கேட்காமல் வலி மாத்திரை கூடாது.
மற்றபடி எல்லாம் அப்படியே,
பஸ்ஸில் இடப்பக்கம் யாராவது இடித்தால்
ஒருகணம் அலட்சியமாக நிற்கிறேன், அவ்வளவுதான்.

வேலையில்தான் கொஞ்சம் மந்தமாகிவிட்டேனாம்.
அடுத்த ஆள் படுத்ததும் முதலில்
அந்த நாலு எழுத்தை அழித்துவிடுகிறேன்.
ரெண்டும் இருக்கு என்று
திரைக்கு அப்பாலிருந்து குரல் வரட்டும்.
அப்புறம் அடிக்கிறேன்.