ஏழாவது விளக்கு

திறப்பை அரைவாசி திருப்பினால்
எல்லாம் ஒருக்கா எரியவேணும்.
எண்ணெய்க் குவளை, பற்றரி, பிரேக்,
சீற்றுப் பட்டி, காற்றுப்பை,
தண்ணி இன்னும் சூடாகேல்லை எண்டு ஒரு நீலம்.
ஆறு.
கைநூலில் ஏழு படம்.

கைநூல் முழுக்க யப்பான் எழுத்து.
நான் படங்களை மட்டும் வாசிச்சன்.
கோழிக்கு மூக்கும் வாலும் பெட்டியாய் வெட்டி ஒட்டினமாதிரி
ஒரு எஞ்சின்.
அதுதான் எரியேல்லை.

வவுனியாவில் வித்தவர் சிரிச்சார்.
"எரியாட்டி நல்லதுதானே அக்கா."

மாங்குளத்துக் கராஜில் தர்மசீலி
டாஷ்போர்ட்டைக் கழற்றி மடியில் வைச்சாள்.
அந்த விளக்கின்ர முகத்தில் கறுப்பு ரேப்,
சின்னவிரல் நகமளவு, ஒரு சுருக்கமில்லாமல்.
"கை பழகின ஆள்" எண்டாள், கொஞ்சம் மரியாதையோடை.
உரிச்சாள்.
மஞ்சள்.
இவ்வளவு நாளும் உள்ளுக்கை எரிஞ்சுகொண்டுதான்
இருந்திருக்கு.

"மஞ்சளெண்டால் மெல்ல கராஜுக்கு வாங்கோ.
சிவப்பெண்டால் அந்த இடத்திலையே நிப்பாட்டுங்கோ.
எண்ணெய்க் குவளை சிவந்த பிறகு
'வீட்டை போய்ப் பாப்பம்' எண்ட கதை வேண்டாம்."

மீற்றரில் நாற்பத்தோராயிரம்.
பிரேக் மிதியின்ர ரப்பர் தேய்ஞ்சு தகரம் தெரியுது.
நான் மிதியைத்தான் நம்புறன்.

ஓட்டோ கியர். இடது காலுக்கு வேலையில்லை.
அதாலைதான் இதை வாங்கினது.
என்ர இடது கால் முழங்காலுக்குக் கீழை ரப்பர்.
கடிக்குது, சுடுகுது எண்டு காட்ட
அதுக்கொரு விளக்கில்லை.
இரவு கழற்றினாப் பிறகு
தோல்தான் சொல்லும்.

பெற்றோல் பம்ப் படத்துக்குப் பக்கத்தில்
கடுகளவு ஒரு அம்புக்குறி.
மூடி எந்தப் பக்கமெண்டு சொல்லுறதாம்.
ரெண்டு வருசமாய் இறங்கி இறங்கிப் பாத்த ஆள் நான்.
கடைசிக் கோடு மினுங்கினாலும்
இன்னும் முப்பது கிலோமீற்றர் ஓடும்.
ஊசியாலை பெற்றோல் சொட்டுவிட்டு ஸ்ராட் பண்ணி
மண்ணெண்ணெய்யில் மோட்டச்சைக்கிள் ஓடின சனத்துக்கு
முப்பது எண்டது
ஒரு காணி எழுதித் தந்தமாதிரி.

செவ்வாயும் வெள்ளியும் ஞானசீலன் அண்ணை.
மல்லாவியிலிருந்து வவுனியாவுக்கு, சிறுநீரகம் கழுவ.
விடியப்புறம் நாலு மணிக்கு
வண்டிக்குள்ளை ஒரு யப்பான்காரி கதைப்பாள்.
அண்ணை ஒவ்வொருநாளும் அவளுக்கு வணக்கம் சொல்லுவார்.

அங்கை வேலை செய்து வந்த பெடியன் ஒருத்தன்
போன மாதம் பின்சீற்றில் இருந்து சிரிச்சான்.
"வணக்கமில்லை அண்ணை.
அட்டை செருகேல்லையாம்.
சுங்கப் பாதைக்குப் போற அட்டை."

ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கேல்லை.
ஓமந்தை வந்தது.
இறங்கி, வரிசையில் நிண்டு,
அட்டையை நீட்டி, பையைக் கொட்டி,
திரும்பப் பொறுக்கின இடம்.
எண்பதில் தாண்டினன்.
பெடியனுக்கு அப்ப பால்குடி வயசாய் இருந்திருக்கும்.

மாசியில் ஒருநாள் அண்ணை முன்சீற்றில் ஏறி இருந்தார்.
பட்டி விளக்கு மினுங்கேல்லை.
வழக்கமாய் அவர் இருந்த உடனை கத்துற விளக்கு.
ரெண்டு பேரும் அந்த இடத்தையே பாத்தம்.
அண்ணை என்ர கைப்பையை எடுத்துத்
தன்ர மடியில் வைச்சார்.
மினுங்கிச்சு.
"இப்ப ஆள் இருக்கு" எண்டார்.

சென்சர் பழசு எண்டாள் தர்மசீலி.
இருக்கலாம்.

இண்டைக்கு வெள்ளி.
திறப்பைத் திருப்பினன். ஏழும் எரிஞ்சுது.
ஒவ்வொண்டாய் அணைஞ்சுது.
அவள் கேட்டாள்.
"இல்லைப் பிள்ளை" எண்டார் அண்ணை,
"இண்டைக்கும் கொண்டுவரேல்லை."

நீலம் பாலிநகர் தாண்டத்தான் அணையும்.
மஞ்சள் நிக்குது.
சாமான் வர மூண்டு கிழமையாம்.
மெல்லப் போறம்.