சேமிப்பு பற்றிய அத்தியாயம்

ரங்கூன் பொருளாதாரக் கழகம், மூன்றாம் ஆண்டு.
முப்பது பேருக்கு ஒரு புத்தகம்.
என்னிடம் இருந்தது நகலின் நகல்.
வளர்ச்சிக் கோடு மேலேற வேண்டிய பக்கத்தில்
கோடே விழவில்லை.
நான்தான் பென்சிலால் ஏற்றிவிட்டேன்.

நான்காம் அத்தியாயம் சேமிப்பு.
அதற்குள்தான் பணத்தை வைத்திருந்தேன்,
எழுபத்தைந்து கியாட் தாள் ஆறு.
பொட்டடாங் படகுத்துறையில் மூட்டை ஏற்றி
அண்ணன் வைரவன் சேர்த்துக் கொடுத்தது.
தாளில் உளுந்து வாசனை அடித்தது என்று எழுத ஆசைதான்.
இல்லை, மை வாசனைதான் அடித்தது.
பெட்டியில் வைத்தால் எலி,
இடுப்பில் வைத்தால் பஸ் கூட்டம்,
பொருளாதாரத்துக்குள் வைத்தால் யார் தொடப்போகிறார்கள்?

எண்பத்தேழு, செப்டம்பர் ஐந்து, சனிக்கிழமை.
வானொலி மூன்று எண்களைப் படித்தது.
இருபத்தைந்து.
முப்பத்தைந்து.
எழுபத்தைந்து.
செல்லாது. மாற்றியும் தரமாட்டார்கள்.
அவ்வளவுதான். அடுத்து பாட்டுப் போட்டார்கள்.

வாசலில் மொஹிங்கா விற்கும் டோ சேன் மே
கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
"காலையிலிருந்து நீங்க தின்னதெல்லாம்
எந்தத் தாள்ல?"
வளர்ச்சிப் பொருளாதாரம் படிப்பவர்கள்
நாங்கள் பதினேழு பேர் அங்கே நின்றோம்.
ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.
குழம்பு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

கழகத்தை மூடினார்கள், ஊருக்குப் போகச் சொன்னார்கள்.
மறுபடி திறந்தபோது
புதுத் தாள்கள் வந்திருந்தன:
நாற்பத்தைந்து, தொண்ணூறு.
ஒன்பதால் மீதியின்றி வகுபடும்.
அண்ணன் வாரக் கூலியை என்முன் போட்டான்.
"ஒரே ஒரு நாற்பத்தைந்து.
நாலு பேர் பிரிச்சுக்கணும், டீக்கடையில் சில்லறை இல்லே.
கணக்குப் போடுடி, படிச்சவளே."

டிசம்பரில் டோ ஞோ சான் வகுப்புக்கு வந்து
தலைப்பைக் கரும்பலகையில் எழுதினார்:
மிகக் குறைந்த வளர்ச்சி கொண்ட நாடுகள்.
அளவுகோல் மூன்று. வருமானம், தொழிற்சாலை, எழுத்தறிவு.
போன வருடக் குறிப்பில் உதாரணங்களெல்லாம் தூரத்தில் இருந்தன,
சாட், ஹைத்தி, மிஞ்சிப்போனால் நேபாளம்.
இந்த முறை சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு
"நாமும்" என்றார்.
யாரும் நம்மைத் தள்ளிவிடவில்லையாம்,
நாமே விண்ணப்பம் போட்டு வாங்கிய இடமாம்.
எழுத்தறிவு மட்டும் இடித்ததாம்,
அதைக் குறைத்து எழுதிக் கொடுத்ததாக
வராந்தாவில் பேசிக்கொண்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன்.
"அப்போ நான் எந்தப் பக்கம்?"
பர்மிய எழுத்து அவளுக்கு வராது.
எழுந்து போய்ப் பெருங்காயப் பொட்டலத்தைப் பிரித்தாள்.
எந்தக் கப்பலில் வந்த காகிதமோ!
விளக்கடியில் நீவிப் பிடித்து
மன்னார்குடிப் பக்கம் யாரோ ஒருவரின்
கொம்பு ஒடிந்த மாடு காணாமல்போன விளம்பரத்தைக்
காகிதம் கிழிந்த இடம்வரை
உரக்கப் படித்தாள்.
பிறகு பெருங்காயத்தை மறுபடி மடித்தபடி
"எழுதிக்கோ" என்றாள்.

பிப்ரவரித் தேர்வு. ஆறாம் கேள்வி:
பின்தங்கிய நாடுகளில் சேமிப்பு விகிதம்
குறைவாக இருப்பது ஏன்? பத்து மதிப்பெண்.
நான் எழுதினேன்.
வருமானம் போதாமை, வங்கிக் கிளைகள் இன்மை,
தங்கமாகப் பதுக்கும் மக்களின் பழைய வழக்கம்.
பக்கத்து பெஞ்சில் சோ மியின்ட்
எதுவும் எழுதவில்லை.
சட்டைப்பையிலிருந்து எழுபத்தைந்து கியாட் தாளை எடுத்து
சோற்றுப் பருக்கையால் விடைத்தாளில் ஒட்டிவிட்டுக்
கையைத் துடைத்துக்கொண்டு வெளியேறினான்.

முதல் கட்டு திருத்தி வந்தது.
எனக்கு எட்டு.
அவன் தாள் இரண்டாம் கட்டில் இருந்தது.
அதற்குள் மார்ச் வந்துவிட்டது,
வாயிலில் லாரிகள்,
மறுபடியும் பூட்டு.

டோ ஞோ சான் அதற்கு எத்தனை போட்டிருப்பார்
என்பதல்ல இப்போது என் கேள்வி.
என்னிடம் ஆறு தாள் இருந்தது.
அதே அத்தியாயத்தில், அதே பையில்,
தேர்வறைக்கு வெளியே, சுவரில் சாய்த்து வைத்திருந்தேன்.